ஆமாம், சொகுசுதான் கேக்கறோம்

போன ஏப்ரல் 14 அன்று எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஊர்வலம் போனோம். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ரயிலில் ஏறினால் உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். நடந்து போனால்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரியும். ஜி.என்.டி. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. முன்னால் நீலக்கொடி, அதற்குப் பின்னால் அண்ணல் படம் வைத்த டாட்டா ஏஸ், அதற்கும் பின்னால் எங்கள் காலனிப் பையன்களின் பேண்ட் செட். நாலு சைடு டிரம், ரெண்டு தப்பு, ஒரு ஜால்ரா, ஒரு பெரிய டிரம். அந்தப் பெரிய டிரம்மைச் சுமந்தவன் என் அக்கா மகன். பதினேழு வயசு. உடம்பு கொடிக்காப்புளிக் கிளை மாதிரி இருக்கும்.

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தான் என்று நான் நாகரிகமாக எழுதுகிறேன். விழுந்தான். டிரம் முன்னால் இழுக்க, முட்டி தாரில் பட, அப்படியே மடிந்து விழுந்தான். வாரைக் கழுத்திலிருந்து கழற்றினோம். பிடரியில் ரெண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. வாந்தி எடுத்தான். ஒரு கிழவி முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தாள். அந்த நேரத்தில் விழாக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர், மேடையில் கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியப் பேசக்கூடியவர், குனிந்து சொன்னார்: “இன்னா தம்பி, இதுக்கே உக்காந்துட்டே? உங்க தாத்தா விடிய விடிய நின்னு அடிச்சாரு. அவரு இன்னா சொகுசா கேட்டாரு?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொகுசு.

அந்தத் தாத்தா என் நைனா. அவர் சொகுசு கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியும். இந்தப் பெரியவருக்குத் தெரியாது.

முதலில் பெரிய டிரம்மைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட நடந்து கொடி பிடித்தவர்கள் அதைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் அதைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11½ கிலோ. இரும்பு வளையம், தகர உடம்பு, ரெண்டு பக்கமும் பைபர். இந்த 11½ கிலோவும் ஒரே ஒரு வாரில் தொங்குகிறது. அந்த வார் ஒரே இடத்தில்தான் உட்காருகிறது, பிடரியில். டிரம் நெஞ்சுக்கு முன்னால் நிற்பதால் ஆளை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். கவிழாமல் இருக்க அவன் பின்னால் சாய்வான். சாய்ந்தபடியே மைல் கணக்கில் நடந்தால் இடுப்பெலும்பு என்ன பாடுபடும் என்பதற்கு டாக்டர் வேண்டாம், களத்துமேட்டில் மூட்டை தூக்கினவனைக் கேட்டால் போதும். டிரம் மறைப்பதால் கால் வைக்கிற இடம் தெரியாது. அடிக்கு ஒருதரம் இரும்பு வளையம் தொடையில் இடிக்கும். இதோடு ஒவ்வொரு அடியும் காதில் மட்டுமா விழுகிறது, நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் விழுகிறது.

எங்கள் ஊர் செக்போஸ்டில் லாரியை எடை போடுகிறான். பாரம் கூடினால் அபராதம் போடுகிறான். ஆக்சில் தாங்காதாம், ரோடு தாங்காதாம். பையன் கழுத்தை எடை போட இந்த நாட்டில் எந்த செக்போஸ்டும் இல்லை. அரசாங்கத்தைத் திட்டிவிட்டு இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எல்லாருக்கும் வசதி. ஆனால் அன்றைக்கு அந்த வாரை அவன் கழுத்தில் மாட்டினது அரசாங்கமில்லை. நாம்.

இப்போது நைனா.

நைனா அடித்தது தப்பு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆரம்பாக்கம் தாண்டி தடா போனால் அதே சாமான் ‘டப்பு’. மதுரைப் பக்கம் போனால் பறை. மேடையில் ஏறிவிட்டால் எல்லாருக்குமே பறை. மூணு மரத்துண்டை வளைத்துச் சேர்த்து, இரும்புத் தகடு அடித்து, புளியங்கொட்டைப் பசை வைத்துத் தோல் இழுத்தது. இடது தோளில் வார், இடது இடுப்பில் வளையம், இடது முழங்கை மேலே அணைப்பு. வலது கையில் அடிகுச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி. பெரிய டிரம்மோடு பார்த்தால் கனமே இல்லை. ஆனாலும் நைனாவின் இடது தோளில் ஒரு பள்ளம் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்று எங்கள் வீட்டுச் சின்னதுகள் அந்தப் பள்ளத்தில் எண்ணெய் ஊற்றி விளையாடும். ஒரு உள்ளங்கை எண்ணெய் அதில் நிற்கும்.

கனமில்லாத தப்பு எப்படிப் பள்ளம் போட்டது? கீழே வைக்க விடவில்லை, அதனால். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பொழுது சாய்ந்து போனவர் மறுநாள் பொணம் எடுக்கிற வரை நிற்க வேண்டும். திண்ணையில் வைக்கக் கூடாது, தீட்டு. தரையில் வைக்கவும் கூடாது. வைத்தால், “இன்னாடா, வேலை முடிஞ்சிடுச்சா ஒனக்கு?” என்று ஒருத்தன் வருவான். பேசுகிறவனுக்கு இருபது வயசு இருக்கும், நைனாவுக்கு ஐம்பது. ஏரிப்பக்கம் இருக்கிற ஊர்களிலும் இதே கதைதான். பழவேற்காடு ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் எவன் வலை போடுவது என்று ‘பாடு’ பிரித்துக்கொள்கிற வழக்கம் உண்டு. அந்தப் பாட்டில் எங்கள் ஜனத்துக்குப் பங்கு கிடையாது. இருளருக்கும் கிடையாது. இருளப் பெண்கள் கழுத்தளவு தண்ணியில் கையால் தடவி இறால் பிடித்து, பறியை வாயில் கடித்துக்கொண்டு நடப்பார்கள், ரெண்டு கையும் சேற்றுக்குள் இருக்கிறதே! மீனில் பங்கு இல்லாதவனை, சாவு விழுந்தால் மட்டும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். கூலி சாராயம், மிஞ்சினால் கொஞ்சம் அரிசி.

சரி, நைனா சொகுசு கேட்டாரா? கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா? நாலு சுற்று அடித்ததும் தப்பைத் திருப்பி விரலால் தட்டிப் பார்த்து, “தோலு எறங்கிடுச்சி சாமி, காய வைக்கணும்” என்பார். எல்லாத் தரமும் இறங்கியிருக்காது, எனக்குத் தெரியும். வைக்கோலைக் கூட்டி நெருப்பு மூட்டி, தப்பைச் சுற்றி வைத்து, ஆளும் குந்திக்கொள்வார். ஒரு பீடி. கால் நீட்டல். தோளை வலது கையால் பிசைந்துகொள்வார். தோலுக்கு நெருப்பு வேண்டும் என்பதை எந்த ஆண்டையாலும் மறுக்க முடியாது, இல்லையா? தப்பு காய்கிற நேரம்தான் நைனாவின் நேரம். சொகுசை வாய் திறந்து கேட்க முடியாதவன் தோலின் பெயரில் கேட்டான்.

இப்போது பைபர் வந்துவிட்டது. மழைக்கு இறங்காது, பனிக்கு இறங்காது, நெருப்பே வேண்டாம். எல்லாரும் மெச்சுகிறார்கள். நானும் பைபருக்கு எதிரி இல்லை. மாட்டுத்தோலைச் சுரண்டிக் காயவைக்கிற நாற்றத்தில் வளர்ந்தவனுக்கு பைபரின் அருமை தெரியும். ஆனால் பைபர் வந்த அன்றே அந்த நெருப்பு போயிற்று. நெருப்போடு, அடிக்கிறவன் குந்துகிற கால்மணி நேரமும் போயிற்று. அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. தோல் களைத்துப்போகும் என்று தெரிந்தது, ஆள் களைத்துப்போவான் என்று எவனுக்கும் தெரியவில்லை. பையன் விழுந்ததற்கு அந்த வெயில் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

1990களில் நம் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் ஒரு சண்டை நடந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம், பறை அடிமைத்தொழில், கொளுத்து, ஏரியில் எறி என்றார்கள். இன்னொரு பக்கம், பறை நம் பண்பாடு, கலகத்தின் குரல், கையில் எடு என்றார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கொளுத்தச் சொன்னவன் நைனாவின் தோள் பள்ளத்தைப் பார்த்துத்தான் சொன்னான். எடுக்கச் சொன்னவர்கள் வாயால் மட்டும் சொல்லவில்லை. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் மேடைமேடையாக அலைந்து அதைக் கேட்கவைத்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள், பொம்பளை தொடக்கூடாது என்ற தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் ஆடினார்கள். எடுக்கச் சொன்னவர்கள் பக்கம்தான் கடைசியில் ஜெயித்தது. நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன். 2007இல் சென்னை சங்கமம் என்று பார்க்கிலும் பீச்சிலும் பறை ஒலித்தது. 2025இல் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அலங்காநல்லூர் பக்கத்து மனிதர் ஒருவர் அந்தக் குச்சியோடு அவ்வளவு தூரம் போனதைப் பார்த்து என் அக்கா அழுதாள். நானும்தான்.

ஆனால் முப்பது வருசச் சண்டையில் தப்பைப் பற்றிப் பேசினோம். தப்பின் மானம், தப்பின் வரலாறு, தப்பின் தொன்மை. தொல்காப்பியத்தில் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு என்று ஒரு புலவர் எல்லா மேடையிலும் ஆரம்பிப்பார். உண்டு சாமி, இல்லை என்று யார் சொன்னது? திணைக்கொரு பறை இருந்தால், திணைக்கொரு தோளும் இருந்திருக்கும் அல்லவா? அதைப் பற்றி ஒரு வரி பேசுங்கள். சென்னையில் சனி ஞாயிறு பறைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நல்ல பிள்ளைகள், கிண்டலாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு வாரில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். முக்கால் மணிக்கு ஒருதரம் தண்ணி, ஓய்வு. தோள் வலிக்குதா என்று ஆசிரியர் கேட்கிறார். சந்தோசம். அதே ஆசிரியரின் குழு ஊர்வலத்துக்குப் போனால், காலனியிலிருந்து கூலிக்கு வந்த பையனை யாரும் கேட்பதில்லை. பழகின தோளாம்! பிறப்பிலேயே பாரம் தாங்கும் தோள் என்று ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவன் மனுவை எரித்துவிட்டு எங்கே வைத்திருக்கிறான்?

நான் அதிகம் வெளிதேசம் பார்த்தவனில்லை. ஆனால் பையன் விழுந்த பிறகு, இந்தப் பெரிய டிரம்மை மற்ற ஜனம் எப்படித் தூக்குகிறது என்று தேடித் தேடிப் படித்தேன், படம் பார்த்தேன். பிரேசிலில் வந்து நின்றேன். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அடிக்கிற சம்பா. அந்த நாடு அடிமைமுறையை ஒழித்ததே 1888இல்தான். ஒழித்த பிறகும் சும்மா விட்டானா? 1908இல் ரியோவில் ஜோவாவ் டா பையானா என்ற கறுப்பு இளைஞன் கையில் வைத்திருந்த கஞ்சிராவைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. தோல் கட்டின சாமான் கையில் இருந்ததே சந்தேகக் கேஸ். நமக்குப் புதிதா இது?

1928இல் எஸ்டாசியோ என்ற பேட்டையில் கறுப்பர்களும் கூலிக்காரர்களும் சேர்ந்து முதல் சம்பாப் பள்ளியை ஆரம்பித்தார்கள். பேர் ‘டெய்ஷா ஃபலார்’. பேசறவன் பேசிக்கினு போகட்டும் என்று அர்த்தம். அதில் பிடே என்று கூப்பிடப்பட்ட அல்சிபியாடெஸ் பார்செலோஸ், செருப்புத் தொழிலாளி, ஒரு பெரிய வெண்ணெய் டின்னை எடுத்துத் தோல் கட்டிப் பெரிய டிரம் செய்தார். சுர்டோ என்று பேர். ஊர்வலத்தில் போகிற ஆயிரம் காலுக்கும் தாளம் காட்டுவது அதுதான். செருப்புத் தைக்கிற கை ஒன்றுதான் அதைச் செய்தது என்பதை வாசித்தபோது, நம்ம ஆளுடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த சுர்டோவை அவர்கள் பிடரியில் மாட்டுவதில்லை. தோளுக்குக் குறுக்கே அகலமான வார் போடுகிறார்கள், அல்லது இடுப்பில் பெல்ட் கட்டிக் கொக்கியில் மாட்டுகிறார்கள். பாரம் இடுப்பெலும்பில் இறங்கிக் காலுக்குப் போய்விடுகிறது. டிரம் தாழ்ந்து தொடைக்கு முன்னால் நிற்கிறது. முதுகு நேராக இருக்கிறது. முட்டி இடிக்கிற இடத்தில் பஞ்சு கட்டிக்கொள்கிறார்கள். ரியோவில் 1984இல் ஊர்வலத்துக்கென்றே கட்டின தெரு ஒன்று இருக்கிறது, 700 மீட்டர். அதன் ஓரத்தில் வாத்தியக்காரர்கள் மட்டும் ஒதுங்கி நிற்கிறதுக்கு ஒரு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நின்ற இடத்தில் நின்று அடிப்பார்கள், மற்றக் கூட்டம் அவர்களைத் தாண்டிப் போகும். ஊர்வலத்தைத் திட்டம் போடும்போதே டிரம்காரனை நினைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். அங்கே எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்லவரவில்லை. சம்பாவைக் காட்டிக் காசு பார்க்கிறவன் வேறு, குன்றின் மேல் சேரியில் இருக்கிறவன் வேறு. ஆனால் வாரையாவது யோசித்தார்கள்.

நமக்கும் அந்தக் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஏரிக்கு அந்தக் கரையில் பழவேற்காட்டில் டச்சுக்காரன் ஜெல்டிரியா கோட்டை வைத்திருந்தான். 1600களில் பஞ்சம் வந்தபோதெல்லாம் சோற்றுக்கு இல்லாத ஜனத்தை இந்தக் கரையில் வாங்கிக் கப்பலேற்றி, இன்றைக்கு ஜகார்த்தா என்கிற படேவியாவுக்கு அனுப்பினான். டச்சுக் கல்லறையைப் பார்க்க டூரிஸ்ட் வருகிறான். மண்டை ஓடு செதுக்கின வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான். கப்பலேறினவர்களுக்குக் கல்லறை கிடையாது.

விழாக் குழுவில் இதையெல்லாம் சொன்னேன். பிரேசில் கதையெல்லாம் இங்கே வேண்டாம், போராட்டம்னா கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்றார் ஒருவர். கஷ்டம் இருக்கட்டும் அண்ணே, பங்கு போட்டுக்கலாமே! ஏன் அந்தக் கஷ்டம் எப்பவும் பேண்ட் செட்டுக்கு மட்டும் வருகிறது? மேடைக்குப் பந்தல் போட்டோம், பெடஸ்டல் ஃபேன் வைத்தோம், தலைவர்களுக்கு இளநீர் வந்தது. அதை எவரும் சொகுசு என்று சொல்லவில்லை, ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். உட்கார்ந்திருக்கிறவனுக்குச் செய்தால் ஏற்பாடு, சுமக்கிறவனுக்குச் செய்தால் சொகுசு. இந்த அகராதி யார் எழுதினது? ஊர்த்தெருவில் எழுதினது. அதை நாம் நீல அட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

இன்னொருவர் உரிமையைப் பற்றிப் பேசினார். நாம் வாத்தியம் வைத்து ஊர்வலம் போவதே உரிமையாம். சரிதான். 1931இல் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் நம் ஜனத்துக்கு விதித்த பதினோரு தடைகளில் ஒன்று, மேளதாளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. இன்னொன்று, கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகக் கூடாது, வேண்டுமானால் வீட்டுக் கதவைப் பல்லக்காக்கிக்கொள் என்பது. ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். அவன் சாவுக்கு நாம் அடித்தே ஆகவேண்டும், நம் கல்யாணத்துக்கு நாம் அடிக்கவே கூடாது. அதை மீறித்தான் இந்த ரோட்டில் நடக்கிறோம். அந்த உரிமையின் கனம் 11½ கிலோ. அது முழுசும் ஒரு பையனின் பிடரியில் இருக்கட்டும், மற்றவர்களுக்குக் கோஷம் போதும் என்றால், நாம் ஊர்வலம் போகிறோமா, அவனை நடத்திக்கொண்டு போகிறோமா?

பெண்பிள்ளைகள் விஷயம் ஒன்று. எங்கள் காலனியில் இப்போது மூணு பெண்கள் செட்டில் இருக்கிறார்கள். ஒற்றை வார் மார்பைக் குறுக்கே அறுக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு எவரிடமும் சொல்லாமல் ஒரு பெண் ஆறு மாசம் வாருக்கு அடியில் துண்டை மடித்து வைத்து அடித்திருக்கிறாள். நான் கேட்டபோதுதான் சொன்னாள். முப்பது வருசமாகப் பெண் விடுதலையும் பறையும் ஒன்றாகப் பேசுகிறோம்.

நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பெரிய டிரம்முக்கு ரெண்டு தோளிலும் போட்டு முதுகில் பெருக்கல் குறியாகக் குறுக்கே கட்டுகிற அகலமான வார், கூடவே இடுப்பு பெல்ட். கழுத்தில் எதுவும் மாட்டக்கூடாது. ஒரு டிரம்முக்கு மூணு ஆள், மாற்றி மாற்றி. மைலுக்கு ஒரு இடத்தில் ஊர்வலம் நிற்கும், டிரம் கீழே இறங்கும். எங்கே இறக்குவது? நடுரோட்டில், எல்லார் கண்ணுக்கும் முன்னால். ஊர்த்தெரு வழியாகப் போகும்போதும் ஒருதரம் இறக்க வேண்டும், அங்கே முக்கியமாக இறக்க வேண்டும் என்றேன். காதில் வைக்கப் பஞ்சு. கூலி போகிறதுக்கு முன்னாலேயே. திரும்பி வர வண்டி. போன தரம் கூட்டம் முடிந்ததும் தலைவர்கள் காரில் போனார்கள். பையன்கள் டிரம்மோடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்றார்கள், லக்கேஜ் டிக்கெட் எங்கே என்று ஒருத்தன் மிரட்டினான்.

ரெண்டு மணி நேரம் பேசினார்கள். அந்தப் பெரியவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்து, “உங்க நைனா இருந்திருந்தா சிரிப்பாரு” என்றார். சிரித்திருப்பார். வைக்கோலைக் கூட்டிக்கொண்டே சிரித்திருப்பார்.

வாரை அக்காதான் தைத்தாள். லாரி சீட் பெல்ட் நாடா, உள்ளே பழைய போர்வைப் பஞ்சு. கொக்கி மட்டும் வெளியில் வாங்கினோம். பையன் மாட்டிக்கொண்டு காலனித் தெருவில் முன்னும் பின்னும் நடந்தான். “எப்பிட்றா இருக்குது?” என்றேன். “மாமா, கீழ பாத்தா காலு தெரியுது” என்றான்.

குழுவின் கணக்கு நோட்டில் அந்தச் செலவை ‘இதர செலவு’ என்று எழுதியிருந்தார்கள். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, ‘டிரம் வார், இடுப்பு பெல்ட் – 2’ என்று எழுதினேன். ரூ.640. ரசீது என்னிடம் இருக்கிறது.